நெஞ்சு முட்டும் வரை

கடலுக்கு அடியில் இருப்பவனுக்கு எப்போது மூச்சு முட்டுகிறது என்று மேலே படகில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஆட்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். இறங்குகிறவன் மூச்சை இழுத்துப் பிடிக்கும்போது, கயிறு பிடிக்கிறவனும் கூடவே இழுத்துப் பிடிப்பான். தன் நெஞ்சு முட்டும்போது கயிற்றை இழுத்துவிடுவான். அவ்வளவுதான்.

யார் கயிறு பிடிப்பது என்பதற்கும் ஒரு முறை உண்டு. இறங்குகிறவனுடைய பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். வேறு யார் அசந்தாலும் அவன் அசரமாட்டான், தங்கச்சி வாழ்க்கையல்லவா? அப்படித்தான் ரெமிஜியுஸ் ஆகிய நான், என் தங்கை சலேத்தின் புருஷன் பெர்க்மான்ஸுக்குக் கல்யாணமான நாளிலிருந்து கயிறு பிடித்தேன். சங்கு எடுக்க அவன் இறங்குவான். நான் தூத்துக்குடி வெயிலில் படகு விளிம்பில் உட்கார்ந்து கன்னத்தை உப்பிக்கொண்டிருப்பேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. நெஞ்சில் பூனை கத்தும். அதனால்தான் நான் முங்கப் போகவில்லை. பெர்க்மான்ஸ் இதைச் சொல்லிச் சிரிப்பான். "மச்சான் நெஞ்சு சின்ன நெஞ்சு. சீக்கிரம் முட்டிரும், சீக்கிரம் இழுத்துருவாரு. அதனாலதான் நான் இன்னும் உசிரோட கெடக்கேன்."

பிறகுதான் செவுள் வந்தது.

கடலில் மூழ்கிப்போன விலாங்குச்சல்லித் தீவைச் சுற்றிச் செத்துக் கிடந்த பவளப்பாறையில் மறுபடி பவளம் நட ஒரு கம்பெனி வந்தது. நாற்று நடுவதுபோல ஒவ்வொரு துண்டாக நட வேண்டும். மேலே வந்து வந்து மூச்செடுத்துக்கொண்டிருந்தால் நூறு வருஷம் ஆகும் என்று, முங்குகிறவர்களுக்கு முதுகில் செவுள் வைத்தார்கள். தோள்பட்டைக்குக் கீழே, முதுகெலும்பின் இரண்டு பக்கமும். பார்க்க வாழைப்பூ மடல்போல இருக்கும், அதே கருஞ்சிவப்பு. கரையில் ஒட்டிச் சுருங்கிக் கிடக்கும். தண்ணீருக்குள் போனதும் மெல்ல விரியும். முதல் தடவை அது விரிவதைப் பார்த்தபோது எனக்குக் கண் கூசியது. மனுஷன் முதுகில் பூ பூப்பதை யாரும் பார்த்ததில்லையே.

முதல் நாள் கம்பெனி ஆள் கேட்டான், "கயிறு எதுக்குங்க? இவருக்கு மூச்சே வேண்டாமே."

"அத எந்தங்கச்சிக்கிட்ட வந்து கேளுங்க" என்றேன். அண்ணன் கையில் கயிறு இல்லாமல் இறங்கக் கூடாது என்று சலேத் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

பெர்க்மான்ஸ் இறங்கினான். நானும் பழக்கத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தேன். கீழே தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. நாலு பாக ஆழத்தில், நாலு ஆள் உயரத்துக்குக் கீழே, அவன் பாறைமேல் மண்டி போடுவது தெரிந்தது. காற்றுக் குமிழி ஒன்றுகூட மேலே வரவில்லை. என் நெஞ்சு முட்டியது. கை தானாக வேலை செய்தது. பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். ஒரு கையில் பவள நாற்றும் ஒரு கையில் உளியுமாகத் தலைகீழாக வந்து படகில் மோதினான் மாப்பிள்ளை.

படகோட்டி ததேயு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏய் ரெமி, மீனைக் கரையில தூக்கிப் போட்டா மூச்சு வாங்கிக் குடுக்கப் பாக்க?"

"பழக்கம்ல" என்றேன். பெர்க்மான்ஸும் சிரித்தான். அப்போது சிரித்தான்.

அன்றைக்கே கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் பூங்கோதையிடம் கேட்டேன். மதுரைக்காரம்மா, நிதானமாகப் பேசுவார்.

"இது எப்படிம்மா வேல செய்யுது? எனக்குப் புரியுத மாதிரி சொல்லுங்க."

"வயித்துல இருக்கிற புள்ள மூச்சு விடுதாண்ணே?"

யோசித்தேன். "விடாதுல்லா. தண்ணிக்குள்ளல்லா கெடக்கு."

"அப்ப எப்படி உயிரோட இருக்கு? அம்மா ரத்தம் ஒரு பக்கம், புள்ள ரத்தம் ஒரு பக்கம். நடுவுல மெல்லிசா ஒரு சவ்வு. நல்ல காத்து இந்தப் பக்கம் வருது, கெட்ட காத்து அந்தப் பக்கம் போகுது. நம்ம நுரையீரல்லயும் அதே மாதிரி மெல்லிசு சவ்வுதான், அவ்வளவும் சின்னச் சின்ன முட்டை முட்டையா. விரிச்சுப் போட்டா ஒரு வீட்டையே மூடலாம். அத நாங்க முதுகுல வெளிய வச்சுட்டோம். அம்மா ரத்தத்துக்குப் பதிலா கடல்."

"கரையில?"

"ஈரத்துணி போட்டு வச்சா கரையிலயும் வேலை செய்யும். ஆனா ஒரு விஷயம். காலையிலயும் சாயங்காலமும் அவர் உக்காந்து மூச்சு இழுத்து விடணும். வேணும்னே விடணும்."

"வேணும்னேவா? மூச்சு தானா வராதா?"

டாக்டர் சிரித்தார். "மூச்சு முட்டுதுன்னு சொல்றோமே, அது நல்ல காத்து பத்தாம இல்லண்ணே. கெட்ட காத்து உள்ள சேந்து போறதாலதான் முட்டுது. மூளையில ஒரு காது இருக்குன்னு வச்சுக்கோங்க. கெட்ட காத்து ஏறினா அதுக்குக் கேக்கும், உடனே இழுடான்னு நெஞ்சுக்குச் சொல்லும். இந்தச் செவுள் கெட்ட காத்த வழிச்சு வெளிய தள்ளிடுது. காதுக்குக் கேக்க ஒண்ணுமே இல்ல. ரொம்ப நாள் ஒண்ணும் கேக்காம இருந்தா காது செவிடாயிடும்."

கொஞ்ச நாள் பெர்க்மான்ஸ் டாக்டர் சொன்னபடி செய்தான். மொட்டைமாடியில் உட்கார்ந்து புஸ் புஸ் என்று விடுவான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரிக்கும். அப்புறம் காலையில் மட்டும். அப்புறம் அதுவும் இல்லை.

வீட்டுக்குள் என்ன மாறியது என்று முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. மீன் குழம்பு கொதிக்கும்போது, "என்ன, இன்னைக்கு ஊளியா?" என்று வாசலிலிருந்தே கேட்கிறவன், தட்டில் போட்ட பிறகும் என்ன மீன் என்று பார்க்காமல் தின்றான். மூச்சு உள்ளே போகாமல் வாசனை எப்படி வரும்? கொட்டாவி விடவில்லை. தும்மவில்லை. சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. பேச வேண்டும் என்றால் முதலில் காற்றை இழுக்க வேண்டும், ஒரு வாக்கியத்துக்கு ஒரு இழுப்பு. அந்தச் சிரமத்துக்குத் தகுந்த வார்த்தை எது என்று பார்த்துப் பார்த்துப் பேசினான். பிறகு அப்படி எந்த வார்த்தையும் இல்லை என்று முடிவு செய்ததுபோல் நிறுத்திக்கொண்டான்.

ஒரு மத்தியானம் போயிருந்தேன். அவன் கூடத்தில் பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். முதுகில் ஈரத்துண்டு. சலேத் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மூக்கடியில் புறங்கையை வைத்திருந்தாள்.

"என்னத்த பாக்க?"

"ஒண்ணுமில்லண்ணே." கையை எடுத்துக்கொண்டாள். "முன்னெல்லாம் கொறட்ட விடுவாவல்லா. தலகாணியால அடிப்பேன். இப்பம் பக்கத்துல படுத்தா... மீன் கடையில படுத்த மாதிரி இருக்கு."

"சும்மா இரு. உசிரோடதான கெடக்கான்."

"நெஞ்சுல காது வச்சா துடிப்பு கேக்கு. ஆனா நெஞ்சு ஏறி எறங்கலண்ணே. ஏறி எறங்காத நெஞ்சுல தல வச்சுப் படுக்க எனக்குப் பயமா இருக்கு." அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள், "இதுல நான் முழுகாம வேற இருக்கேன்."

பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்த சேதி. நான் கத்தியே விட்டேன். "ஏட்டி, இத எவ்வளவு நேரங்கழிச்சு சொல்லுத! மாப்பிளைக்குத் தெரியுமா?"

"சொன்னேன். கேட்டாவ. தலைய ஆட்டினாவ. அவ்வளவுதான்."

மறுநாள் படகில் போகும்போது அவனிடம் கேட்டேன். "மாப்பிள, சலேத் சொன்னா. உனக்குச் சந்தோசம்தான?"

அவன் என்னைப் பார்த்தான். நெடுநாள் கழித்து நெஞ்சு மேலே எழுந்தது. பழைய கதவைத் திறப்பதுபோல் காற்றை இழுத்தான்.

"கீழ ஒண்ணுமே வேண்டியிருக்கல மச்சான்."

மறுபடி ஒரு இழுப்பு.

"பசிக்கும் முந்தி, தாகத்துக்கும் முந்தி, உடம்பு மொதல்ல கேக்கது காத்தத்தான். அத நிறுத்திட்டா மத்ததெல்லாம் ஒவ்வொண்ணா நின்னுருது."

மூன்றாவது இழுப்புக்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டான்.

"நேத்து ஒரு ஆவுளியாவப் பாத்தேன். குட்டி போட்டிருந்துச்சு. போட்ட கையோட மூக்கால முட்டி முட்டி மேல தூக்கிட்டு ஓடுது, காத்து காட்ட. பாவமா இருந்துச்சு. அப்படியே விட்டா என்ன, கீழ எவ்வளவு சொகம்..."

கடற்பசுவைப் பார்த்துப் பரிதாபப்பட்டவன் தன் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்ட பிறகு அவன் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். பேசிவிட்டு இறங்கினான். பச்சை வெளிச்சத்தில் அவன் முதுகு மடல் மடலாக விரிந்தது. மேலே இருந்து பார்க்க எனக்கே ஒரு கணம் ஆசையாக இருந்தது. என் நெஞ்சில் அன்றைக்குப் பூனை பலமாகக் கத்திக்கொண்டிருந்தது. அந்தப் பூனை இல்லாமல் ஒரு நாள் இருந்தால் எப்படி இருக்கும்?

சலேத்துக்கு வயிறு தெரிய ஆரம்பித்தபோது டாக்டர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். வடக்கே ஒரு கரையில், செவுள் வைத்த ஒருவன் இறங்கியவன் ஏறி வரவேயில்லை என்று பேச்சு அடிபட்ட சமயம் அது. செத்துவிட்டான் என்றும் யாரும் சொல்லவில்லை.

பெர்க்மான்ஸைக் கட்டிலில் படுக்கவைத்து, செவுளுக்குப் போகும் ரத்தக்குழாயை டாக்டர் ஒரு கிளிப்பால் அழுத்தினார். இப்போது கெட்ட காற்று சேரும், மூளை விழித்துக்கொண்டு மூச்சை இழுக்க வேண்டும். நாங்கள் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என் நெஞ்சு முட்டி, நான் மூச்சு விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி விட்டேன். அவன் அசையவில்லை. உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு அமைதி. மெஷின் கத்த ஆரம்பித்ததும் டாக்டர் அவசரமாகக் கிளிப்பை எடுத்தார்.

"காது செவிடாயிடுச்சாம்மா?" என்றேன்.

"ஆமாண்ணே. நுரையீரல் இன்னும் நல்லாத்தான் இருக்கு. ஆனா மூச்சிழுக்கிற சதை மெலிஞ்சுக்கிட்டே வருது, கட்டுப் போட்ட கால் மாதிரி. குழந்தை பொறக்கிறதுக்குள்ள அவர் மூச்சுக்குத் திரும்பலைன்னா செவுளை எடுக்கவே முடியாது. காலம் முழுக்க இப்படித்தான்."

"நீங்க ஏதாச்சும் மருந்து குடுத்து..." என்றாள் சலேத்.

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அவராத்தாம்மா இழுக்கணும். விடாம இழுத்துப் பழகினா அந்தக் காது மெதுவா முழிச்சுக்கும். இழுக்க முடியாம இல்ல அவருக்கு. இழுக்கணும்னு தோணல. தனக்காக அவர் இனிமே இழுப்பாருன்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

தனக்காக. அந்தச் சொல்லை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாப்பிடும்போது அது கூட உட்கார்ந்திருந்தது. படகில் கயிறு பிடிக்கும்போதும் உட்கார்ந்திருந்தது.

கயிற்றுப் பேச்சு ஒன்று எங்களுக்குள் உண்டு. நான் ஒருதரம் சுண்டினால் 'இருக்கியா?' என்று அர்த்தம். அவன் ஒருதரம் சுண்டினால் 'இருக்கேன்.' அவன் வாய் பேசாமல் போன பிறகும் கயிறு பேசிக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் நானும் சலேத்துக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சலேத்துக்கு ஒன்பதாவது மாதம். வாடைக்காற்று அடங்கி, கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. நான் சுண்டினேன். பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் நான் சுண்டாமலே பதில் வந்தது. இன்னொன்று. இன்னொன்று. படகு ஏறி இறங்க, ஏற்றத்துக்கு ஒன்று. மெல்லிய அலை அது, கண்ணுக்கே தெரியாது. கயிற்றை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கயிற்றின் மறுமுனை ஒரு பாறைக்கொம்பில் கட்டியிருந்தது. நல்ல முடிச்சு, அவன் போடும் முடிச்சு.

எத்தனை நாளாக நான் பாறையோடு பேசிக்கொண்டிருந்தேனோ?

"ததேயு, படகப் பாத்துக்க."

"ஏய், கிறுக்கா! இளைப்பு வச்சுக்கிட்டு எங்க எறங்குத?"

"நீ எறங்குதியா? உனக்கு நீச்சலே ஒழுங்காத் தெரியாது."

இருக்கிற காற்றையெல்லாம் இழுத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடியே இறங்கினேன். காது வலித்தது. அதன்பின் சத்தம் அடங்கியது. ததேயு, படகு, வெயில், எல்லாம் மேலே எங்கேயோ இன்னொருவர் வீட்டில் நடப்பதுபோல ஆகிவிட்டது.

பாறையைத் தாண்டி கடல்புல் வயல்போல விரிந்து கிடந்தது. புல் ஒரே பக்கமாகச் சாய்வதும் நிமிர்வதுமாக இருந்தது. நடுவில் அவன் ஒருக்களித்துப் படுத்திருந்தான், முழங்காலை மடக்கி, கையை நெஞ்சோடு சேர்த்து. சலேத்தின் வயிற்றில் ஸ்கேன் எடுத்துக் காட்டினார்களே, அப்படியே. கண் திறந்திருந்தது. செவுள் மடல்கள் விரிந்து மூடி விரிந்தன. அவன் நட்ட பவளங்களில் குட்டி மீன்கள் போய்வந்துகொண்டிருந்தன. இந்த இடத்தை விட்டுவிட்டு வா என்று யாரிடம்தான் சொல்ல முடியும்?

தோளைத் தொட்டேன். என்னைப் பார்த்தான். அடையாளம் தெரிந்தது, அவ்வளவுதான். மேலே கையைக் காட்டினேன். இல்லை என்று மெல்லத் தலையை அசைத்தான். கோபம் இல்லை, பிடிவாதம்கூட இல்லை.

நான் அவன் எதிரே புல்லில் உட்கார்ந்தேன். அவன் கண்ணைப் பார்த்தேன். பிறகு என் வாயிலிருந்து காற்று போனது. குமிழி குமிழியாகப் போனது. வெகுநாள் கழித்து அவன் காற்றுக் குமிழியைப் பார்த்தான். அவன் பார்வை அதோடு கூடவே மேலே போவதைக் கண்டேன். அதன்பின் உப்பு, ஒரு பெரிய வெளிச்சம். அப்புறம் எனக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. அவன் சொன்னது சரிதான்.

மீதியை ததேயு சொல்லித்தான் தெரியும்.

"ஒன்னையத் தூக்கிட்டு அப்படியே தண்ணியப் பொளந்துட்டு வந்தான்வே. ஒனக்கு மூச்சு இல்ல. நான் நெஞ்ச அமுக்குதேன், ஏசுவே ஏசுவேன்னு கத்துதேன். அவன் ஒன் வாயில வாய வச்சு ஊதுதான். காத்து வரணும்ல? அவங்கிட்ட எங்க இருக்கு? வெறும் வாய். ரெண்டாவதும் ஊதுதான், ஒண்ணுமில்ல. அப்புறம் என்னையப் பாத்தான். வானத்தப் பாத்தான். பாத்துட்டு இழுத்தான் பாரு ஒரு இழுப்பு! துருப்புடிச்ச கேட்டத் தொறந்த மாதிரி ஒரு சத்தம். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. இழுத்து ஒனக்குள்ள ஊதினான். மறுபடி இழுத்தான், ஊதினான். எத்தன தடவன்னு கேளாத. நீ தண்ணியக் கக்குத வரைக்கும்."

நான் கண் விழித்தபோது படகுப் பலகையில் கிடந்தேன். என் மேல் குனிந்திருந்தான் பெர்க்மான்ஸ். அவன் நெஞ்சு ஓடிவந்த குதிரைபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் மூச்சுவிட ஆரம்பித்த பிறகும் அவன் நிறுத்தவில்லை.

"மச்சான்" என்றான். குரல் கரகரத்தது. "வாயெல்லாம் பீடி நாத்தம்."

அதைச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான். சத்தமாக, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதான். டீசல் வாசனை வருகிறது என்றான். கருவாட்டு வாசனை வருகிறது என்றான். நெஞ்சு வலிக்கிறது, பசிக்கிறது, சலேத்தைப் பார்க்க வேண்டும் என்றான். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து அவன் மேல் விழுந்ததுபோல இருந்தது. ததேயுவும் நானும் என்ன செய்வது என்று தெரியாமல் அவன் முதுகைத் தடவினோம். ஈரத்துண்டு போட மறந்திருந்தோம். செவுள் காய்ந்து சுருங்கிக் கிடந்தது.

காது உடனே முழுசாக விழித்துவிடவில்லை. தூங்கும்போது நெஞ்சு நின்று நின்று போனது. நானும் சலேத்தும் மாறி மாறிப் பக்கத்தில் உட்கார்ந்து, நிற்கும்போதெல்லாம் தட்டி எழுப்பினோம். டாக்டர் கிளிப்பை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறுக்கிக்கொண்டே வந்தார். பிள்ளை பிறக்கப் போகும் வாரம் ஒரு மத்தியானம் அவன் தூக்கத்தில் ஒரு குறட்டை விட்டான். சலேத் தலையணையை எடுத்தாள், அடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

பெண் குழந்தை. பிறந்ததும் வீறிட்ட வீறலில் ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அந்த வாரம் செவுளை எடுத்த கட்டு இன்னும் முதுகில் இருக்க, பெர்க்மான்ஸ் பிள்ளையை வாங்கி நெஞ்சில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளை அவன் நெஞ்சோடு சேர்ந்து ஏறி இறங்கியது.

"மச்சான், ஒண்ணு கேக்கணும்."

"கேளு மாப்பிள."

"இந்தச் சின்ன நெஞ்ச நம்பித்தான் நான் இத்தன வருசம் எறங்கினேன். அது எப்பம் முட்டும்னு எனக்கு நல்லாத் தெரியும்." பிள்ளையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே கேட்டான். "அன்னைக்குக் கீழ காத்த விட்டியளே, அப்பம் அது முட்டவே இல்லல்லா?"

நான் பெஞ்சைத் தடவிப் பார்த்தேன். பெஞ்சு நல்ல குளிர்ச்சியாக இருந்தது. பிள்ளை தூக்கத்தில் ஒரு பெருமூச்சு விட்டது, பிறந்து அரைநாள்கூட ஆகவில்லை, அதற்கு என்ன கவலையோ. பெர்க்மான்ஸ் சிரித்தான். நானும் சிரிக்கப் போய், இருமல் வந்துவிட்டது. பூனை கத்தியது.

"மெல்ல, மெல்ல" என்றான் அவன். "புள்ள முழிச்சிரும்."